வயிற்றில் குடியேறிய காவல்

வறட்சிக்கு ஏற்ற மரமென்று 1980களில் நாடெங்கும் நட்டார்களே, சூபாபுல், நம்மூர் சவுண்டல்! அதன் தழையை அளவுக்கு மீறித் தின்றால் செம்மறியின் ரோமம் கொத்தாக உதிரும். மைமோசின் என்ற நஞ்சின் கைங்கரியம். வயிற்றில் அது சிதைந்து உண்டாகும் இன்னொரு நஞ்சு தைராய்டைக் கெடுக்கும்.

ஹவாய்த் தீவு வெள்ளாடுகளோ அதையே தின்று நலமாக இருந்தன. முதல் இரைப்பையில் அந்த இரண்டாம் நஞ்சைச் செரிக்கும் பாக்டீரியா இருந்ததுதான் காரணம். ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் அதைத் தம் நாட்டு மாடுகளுக்குக் கொடுத்தார். மந்தைக்குள் அதுவாகவே பரவியது.

தீவனத்தில் கலக்கும் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அதன் பலனும் மங்கிவிடும். இது குடியிருக்க வந்தது. ஆனால் உங்கள் கிடையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதுவரை சவுண்டல், தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழேயே இருக்கட்டும்.