கணினி மறுப்பதும் நன்மைக்கே

வீட்டிலே லினக்ஸ் கணினியைப் பாவிக்கும் மாணவர் பலர், புதுப்பிக்கும் கட்டளையை இட்டதும் பிழைச் செய்திகள் வரிசையாகத் தோன்றக் கண்டு மனங்கலங்குகின்றனர். எவரோ சொன்ன கட்டளையைப் பொருளறியாது தட்டிவிடுவோரும் உளர். யாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவோரும் உளர். இவ்விரண்டும் வேண்டாதவை. கணினி ஏன் மறுக்கின்றது என்பதை அறிந்தால் பரிகாரம் தானே புலப்படும்.

1993ஆம் ஆண்டில் தோன்றிய டெபியனும், அதனை அடியாகக் கொண்டு 2004இல் வெளிவந்த உபுண்டுவும் ‘அப்ட்’ என்னும் கருவியினால் மென்பொருள்களைப் பெறுகின்றன. சங்கக்கடையிலே சாமான் வாங்குவதோடு இதனை ஒப்பிடலாம். ‘அப்ட் அப்டேற்’ என்னும் கட்டளை கடையின் பட்டியலை மட்டும் கொண்டுவரும். ‘அப்ட் அப்கிறேட்’ என்பதே சாமான்களைக் கொண்டுவந்து அடுக்கும். பட்டியலிலே வெளியிட்டோரின் முத்திரையும் திகதியும் உண்டு. அவை பொருந்தாவிடின் அப்ட் அதனை ஏற்க மறுக்கும்.

செய்தி வரிகளுள் ஆங்கில ‘ஈ’ எழுத்துடன் தொடங்குவது பிழை. ‘டபிள்யூ’ எழுத்துடன் தொடங்குவது எச்சரிக்கை. முதலாவது பிழையையே முதலில் வாசித்தல் வேண்டும். பின்வருவன பெரும்பாலும் அதனால் விளைந்தனவே.

பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று செய்தி வந்தால், கணினியின் மணிக்கூட்டைப் பாருங்கள். பழைய கணினிகளில் தாய்ப்பலகையிலுள்ள சிறு பற்றரி செத்துப்போனால் திகதி பல வருடங்கள் பின்னே சென்றுவிடும். இன்று அச்சிட்ட பட்டியல், அக்கணினிக்கு வருங்காலத்துப் பட்டியலாகத் தோன்றும். திகதியைத் திருத்திப் பற்றரியை மாற்றினால் காரியம் முடிந்தது.

‘404’ என்னும் இலக்கம் வருமாயின், தேடிய பொருள் அவ்விடத்தில் இல்லை என்பது கருத்து. உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஆதரவு ஒன்பது மாதமே. 2023 ஒக்ரோபரில் வந்த 23.10 பதிப்புக்கு 2024 ஜூலையில் ஆதரவு முடிந்தது. அத்தகைய பதிப்புகளைப் பின்னர் பழையனவற்றுக்கான களஞ்சியத்துக்கு மாற்றிவிடுவர். உங்கள் கட்டுரைகளையும் படங்களையும் வேறிடத்தில் பிரதி செய்துகொண்டு, ஆதரவுள்ள பதிப்புக்கு ஏறுவதே முறை.

பூட்டு வேறொரு செயலின் கையில் உள்ளது என்று செய்தி வந்தால், சற்றுப் பொறுத்திருங்கள். கணினியை இயக்கியவுடன் அது தானாகவே புதுப்பித்துக்கொண்டிருக்கக் கூடும். அவசரப்பட்டுப் பூட்டுக் கோப்பை அழித்தால், இருவர் ஒரே கணக்குப் புத்தகத்தில் ஒரே நேரத்தில் எழுதிய கதையாகும். நடுவழியில் மின்சாரம் நின்றுபோயிருந்தால், ‘டிபிகேஜி’ என்னும் அடித்தளக் கருவியின் ‘கொன்பிகர்’ கட்டளையை இட்டு, எஞ்சிய வேலையை முடிக்கச் செய்யலாம். வட்டிலே இடம் இருக்கின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக, முத்திரையைச் சோதிக்கும் திறப்பு இல்லை என்னும் செய்தி. வெளியார் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்த கணினிகளிலேயே இது பெரும்பாலும் வரும். அக்களஞ்சியத்தாரின் சொந்த இடத்திலிருந்து புதிய திறப்பைப் பெறுங்கள். அது தேவையில்லையெனின் அக்களஞ்சியத்தையே பட்டியலிலிருந்து நீக்குங்கள். சோதனையே வேண்டாம் என்று கட்டளையிடுவது மட்டும் கூடாது. பிழைச் செய்தி மறையும். ஆனால் காவலும் அதனோடு மறையும்.

இஃது வீண் பயமன்று. 2019 ஜனவரியில் அப்ட் கருவியிலேயே ஒரு குறை வெளிப்பட்டது. வழியிடையே நிற்கும் ஒருவன், பொய்யான பொதியை மெய்யானதென்று கணினியை ஏற்கச் செய்ய அக்குறை இடந்தந்தது. அப்ட் நிர்வாகியின் அதிகாரத்துடன் இயங்குவதால், அவ்வாறு நுழைந்தவன் கணினி முழுவதையும் ஆளலாம். டெபியன் குழுவினர் அதே மாதத்தில் திருத்தத்தை வெளியிட்டதோடு, அத்திருத்தத்தைப் பெறும்போதும் வழிமாற்றத்தை நிறுத்தி வைத்துப் பெறுமாறு கூறினர். திருத்தமும் குறையுள்ள அதே கருவியின் வழியாகவே வரவேண்டியிருந்தது!

அன்று திருடனுக்கு அரிய குறையொன்று வேண்டியிருந்தது. முத்திரைச் சோதனையை நிறுத்துபவர் அக்குறையைத் தாமே உண்டாக்கிக் கொடுக்கின்றார். புதுப்பித்தலைப் பின்போடுபவரோ பழைய குறைகளைத் திருத்தாமலே வைத்திருக்கின்றார். ஆதலின் மாணவ நேயர்களே, பிழை கண்டால் முதல் வரியைக் கொப்பியில் எழுதுங்கள். அதன் காரணத்தைத் தேடுங்கள். பொருள் விளங்காத எந்தக் கட்டளையையும் நிர்வாகியின் பெயரால் இடாதீர்கள். அரைமணி நேரப் பொறுமை, ஒரு வருடத்துப் படிப்புக் குறிப்புகளைக் காக்கும்.