எய்தவன் இருக்க அம்பை நோவதோ?

இசை திருடப்படுகின்றது. இதில் ஐயத்திற்கு இடமில்லை. பாட்டு யாத்தவன், பண்ணமைத்தவன், பாடியவன், கருவி மீட்டியவன் ஆகியோர் உழைப்பின் பயனை, ஒரு காசும் தாராமல் இணையத்தின் வழியே எடுத்துக்கொள்வோர் உலகெங்கும் உளர். அது களவே. 'பகிர்வு' என்று பெயர் சூட்டுவதால் களவு கொடையாகிவிடாது. ஆனால், அக்களவுக்கு ஒறுக்கப்பட வேண்டியவர் யார்? திருடியவனா? அவன் வீட்டுக்கு இணைய இணைப்புக் கொடுத்த நிறுவனமா? இவ்வினா அமெரிக்க நாட்டு வழக்குமன்றங்களில் பல்லாண்டுகளாக உருண்டது.

2018-ஆம் ஆண்டில், சோனி முதலான ஐம்பதுக்கும் மேற்பட்ட இசை நிறுவனங்கள் ஒன்றுகூடி, இணைய இணைப்பு விற்கும் 'காக்சு' நிறுவனத்தின்மேல் வர்சீனிய மாநிலத்துக் கூட்டரசு வழக்குமன்றத்தில் வழக்கிட்டன. பாடல்களைக் காக்சு திருடிற்று என்பதன்று வழக்கு. திருடியோர்க்கு இணைப்புக் கொடுத்தது என்பதே வழக்கு. 2019 திசம்பரில், பொதுமக்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பெற்ற ஆயத்தார், 10,017 படைப்புகளுக்காக நூறு கோடி தாலர் இழப்பீடு விதித்தனர். ஒரு பாட்டுக்கு ஏறத்தாழ ஓரிலக்கம் தாலர்! 2024 பிப்பிரவரியில் மேல்முறையீட்டு மன்றம் அத்தொகையைத் தள்ளியது. களவினால் காக்சு நேரே ஊதியம் பெற்றதற்குச் சான்றில்லை என்றது. எனினும், அறிந்தும் இணைப்பைத் தொடர்ந்ததால் அந்நிறுவனம் களவுக்குத் துணைபோயிற்று என்னும் முடிவை நிறுத்திக்கொண்டது. 2025 திசம்பர் 1 அன்று அந்நாட்டின் தலைமை முறைமன்றம் இருசாரார் வழக்குரைகளையும் கேட்டது. ஒரு வழக்கில் வெல்வார் யாராயினும், அதனுள் கிடக்கும் அறவினா எல்லா நாட்டார்க்கும் உரியது. அதனை நடுவுநின்று ஆய்வதே அறிவுடைமை.

முதற்கண் இசை நிறுவனங்களின் கூற்றைக் காண்போர், அதில் வலுவில்லை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்கா 1998-இல் இயற்றிய சட்டம் இணைப்பு நிறுவனங்களுக்குக் காப்பளிக்கின்றது. ஆனால், மீண்டும் மீண்டும் களவு செய்வாரின் இணைப்பைத் துண்டிக்கும் நெறியொன்றை வகுத்து, அதனை உண்மையில் நடைமுறைப்படுத்தும் நிறுவனத்துக்கே அக்காப்பு உண்டு. வழக்குக்குரிய ஈராண்டுக் காலத்தில் காக்சுக்கு வந்த களவு அறிவிப்புகள் 1,63,148. களவுக்காக இணைப்பிழந்தோரோ 32 பேர். அதே காலத்தில், கட்டணம் செலுத்தாமைக்காக இணைப்பிழந்தோர் ஆறிலக்கத்துக்கும் மேற்பட்டோர் என்று இசை நிறுவனங்கள் எடுத்துக்காட்டின. பிறர் பொருள் களவுபோனால் கண்ணை மூடிக்கொள்ளும் நிறுவனம், தன் பொருள் வந்து சேராவிடின் கத்தரியைக் கையிலெடுக்கின்றது! இது வணிகத்தின் தன்னலம், மறைப்பதற்கில்லை.

ஆயினும், ஒரு நிறுவனம் தன்னலமுடையது என்பதனாலேயே, பிறன் செய்த குற்றம் அதன் குற்றமாகிவிடுமா? ஆகாது. இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்தறிதல் வேண்டும். குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. இசை நிறுவனங்கள் அமர்த்தும் கணிப்பொறி நிரல்கள் திரட்டியனுப்பும் அறிவிப்புகள் குற்றச்சாட்டுகளே. எந்த நடுவரும் உசாவிக் கண்ட முடிபுகள் அல்ல. அவ்வறிவிப்பு ஓர் இணைய முகவரி எண்ணைச் சுட்டும். அவ்வெண் இணைப்பைக் காட்டுமேயன்றி, ஆளைக் காட்டாது. ஒரு வீட்டில் தந்தையும் தாயும் மக்களும் ஓரிணைப்பையே ஆள்கின்றனர். ஒரு விடுதியில் நாள்தோறும் புதியோர் வந்து தங்குகின்றனர். ஒரு பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கான மாணவர் ஒரே வாயிலின் வழியே இணையம் புகுகின்றனர். அவருள் ஒருவன் பாட்டுத் திருடினான் என்பதற்காக அனைவர் இணைப்பையும் அறுப்பது என்ன முறை?

தமிழர்க்கு இம்முறைகேட்டை விளக்கிக்கூற நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன், கொலையுண்டவன் கோவலன். குற்றஞ்சாட்டியவன் சொல்லையே சான்றாகக் கொண்டு, உசாவாமல் ஒறுத்ததால் பாண்டியன் செங்கோல் வளைந்தது, அவன் உயிரும் போயிற்று, மதுரையும் எரியுண்டது. களவு நடந்தது உண்மை. அங்கும் அதில் ஐயமில்லை. அதனால் கோவலன் கள்வனாகிவிட்டானா? இணைப்பு நிறுவனத்தின் கழுத்தில் நூறு கோடித் தண்டத்தைத் தொங்கவிட்டு, 'அறிவிப்பு வந்தவுடன் அறு' என்று அச்சுறுத்தினால், அந்நிறுவனம் உசாவுமா? உசாவாது. தன்னைக் காத்துக்கொள்ளச் சாட்டப்பட்டவர் அனைவரையும் அறுத்தெறியும். வணிக நிறுவனமே நடுவராகவும் ஒறுப்பாளராகவும் ஆகிவிடும். பொறுப்பை இணைப்பு வழங்குவோர்மேல் ஏற்றுவதன் கேடு இதுவே. தண்டம் நிறுவனத்துக்கு என்பர். அதன் அடி விழுவதோ குடிமக்கள் முதுகில்!

ஐரோப்பிய நாடுகள் இதனைப் பட்டறிந்தன. பெல்சிய நாட்டில் பாவலர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமைக்காக நிற்கும் 'சபாம்' என்னும் கழகம், 'இசுகார்லெட்' என்னும் இணைப்பு நிறுவனத்தின்மேல் 2004-இல் வழக்கிட்டது. திருட்டுப் பாடல் ஒன்றும் செல்லாதவாறு, வாடிக்கையாளர் அனைவரின் போக்குவரத்தையும் அந்நிறுவனம் தன் செலவிலேயே சலித்து வடிகட்ட வேண்டும் என்பது அதன் வேண்டுகோள். 2007-இல் பிரசல்சு வழக்குமன்றம் அவ்வாறே ஆணையிட்டது. ஆனால், 2011 நவம்பர் 24 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் முறைமன்றம் அத்தகு பொது வடிகட்டலைத் தள்ளிவிட்டது. முறையானதையும் முறையற்றதையும் வடிகட்டி பிரித்தறியாது போகலாம்; மக்கள் செய்தி பெறும் உரிமையும் தனிவாழ்வுரிமையும் அதனால் குன்றும் என்று கரணியம் காட்டிற்று. அனைவர் அஞ்சலையும் பிரித்துப் பார்த்தே ஒருவன் களவைத் தடுக்கவேண்டும் என்பது, எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தும் செயலன்றோ?

பிரான்சு நாடு 2009-இல் வேறு வழி சென்றது. மும்முறை களவு செய்தவன் இணைப்பை அரசு அலுவலகமே துண்டிக்கலாம் எனச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு சூன் 10 அன்று அந்நாட்டு அரசமைப்பு மன்றம், இணையம் நுழைதல் கருத்துரிமையின் பகுதி என்றும், அதனைப் பறிக்கும் ஆற்றல் நடுவர்க்கே உரியது என்றும் கூறி அப்பகுதியை நீக்கிற்று. சட்டம் திருத்தப்பட்டு நடுவரிடமே அவ்வாற்றல் ஒப்படைக்கப்பட்டது. 2013-இல் துண்டிப்பு ஒறுப்பே கைவிடப்பட்டது.

தமிழகமும் இப்பாடத்தைக் கற்றதுண்டு. 2012-இல் '3' என்னும் திரைப்படத்தைக் காக்கச் சென்னை உயர் முறைமன்றத்தில் பெறப்பட்ட ஆணையைக் காட்டி, இணைப்பு நிறுவனங்கள் அவ்வாண்டு மே திங்களில் 'விமியோ' முதலான தளங்களை முற்றாகவே அடைத்துவிட்டன. ஒரு படத்துக்காக, அதனோடு தொடர்பற்ற பல்லாயிரம் படைப்புகளும் மறைக்கப்பட்டன. சூன் திங்களில் அம்மன்றமே, திருட்டுப்படி இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும் தடுக்கலாம். தளம் முழுவதையும் அன்று எனத் தெளிவுறுத்தியது. பொறுப்புக்கு அஞ்சும் நிறுவனம் எவ்வளவு மிகையாகக் கதவடைக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அங்ஙனமாயின் இணைப்பு நிறுவனங்கள் எதற்கும் பொறுப்பற்றனவா? அல்ல. தாம் செய்ததற்கு அவை பொறுப்பு. 'இங்கே வருக, வேண்டிய பாட்டையெல்லாம் விலையின்றி அள்ளுக' என்று களவைத் தூண்டி வாடிக்கையாளர் சேர்க்கும் நிறுவனம் ஒறுக்கப்பட வேண்டும். முறைமன்ற ஆணை வந்த பின்பும் அதனைப் பொருட்படுத்தாத நிறுவனம் ஒறுக்கப்பட வேண்டும். வந்த அறிவிப்பை உரியவர்க்கு அனுப்பாமல் குப்பையிலிடும் நிறுவனமும் விடை சொல்லவே வேண்டும். இந்திய ஒன்றியத்தின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தம் இவ்வகையில் கருதத்தக்கது. உரிமையாளர் எழுத்தால் முறையிட்டால், இடைநின்று இணைப்பளிப்போர் அப்படைப்பை 21 நாள் தடுத்துவைக்க வேண்டும். அதற்குள் மன்ற ஆணை வாராவிடின் திறந்துவிடலாம். குற்றஞ்சாட்டுவோனே மன்றமேறி மெய்ப்பிக்க வேண்டும் என்னும் அறம் அதில் காக்கப்படுகின்றது.

இசைவாணர் வயிறு வாடக்கூடாது. அவர் உழைப்புக்கு விலை உண்டு. பாட்டை விரும்புவோன் அதன் விலையைக் கொடுப்பது மானமுள்ள மாந்தன் கடன். தமிழ்ப்பாட்டைப் போற்றுவதாகக் கூறிக்கொண்டே அதனைத் திருட்டுப்படியில் கேட்போன், தமிழையும் போற்றவில்லை, பாடியவனையும் போற்றவில்லை. ஆனால், இசையைக் காக்கும் பெயரால் மக்கள் அறிவுக்கும் கருத்துக்கும் வாயிலாக நிற்கும் இணைப்பை, உசாவாமல் அறுக்கும் உரிமையை வணிகர்க்கு வழங்குதல் ஆகாது. வலிய மொழியார்க்கு வாயில்கள் பல. எளிய மொழியார்க்கு இணையமே அச்சகமும் மேடையும் நூலகமும் ஆகிய ஒற்றை வாயில். அவ்வாயிலின் திறவுகோல் நடுவர் கையில் இருக்கட்டும்; வழக்காளி கையிலும் வேண்டா, அவனுக்கு அஞ்சி நடுங்கும் வணிகன் கையிலும் வேண்டா. திருடியவனைத் தேடுக, உசாவுக, ஒறுக்க. வழியின்மேல் பழி போடுதல் முறையன்று.