இல்ல நலம்: பழைய படம் எங்கே?

டில்லியின் மார்கழிப் பனியிலும் புகையிலும் குழந்தை இருமினால், இங்குள்ள மருத்துவர் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார். கோடை விடுமுறையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை சேர்ந்ததும், பாட்டியின் மன அமைதிக்காக வேறொரு மருத்துவர். “பழைய படம் எங்கே?” என்கிறார் அவர். அதுவோ டில்லி வீட்டு அலமாரியில்! ஆகவே மறுபடியும் ஒரு படம்.

அன்பர்களே, இதில் வீணாவது பணம் மட்டுமன்று. 1895-இல் ராண்ட்ஜன் கண்டறிந்த இக்கதிர் மருத்துவத்துக்குக் கிடைத்த பெரும்பேறு. ஆயினும் உயிரணுக்களுக்குச் சிறிது ஊறு செய்யவும் வல்லது. குழந்தைகளின் உயிரணுக்கள் விரைந்து பெருகுபவை. அவர்கள் வாழவேண்டிய ஆண்டுகளும் மிகுதி. எனவே பெரியவர்களைவிட அவர்களுக்கே கூடுதல் எச்சரிக்கை தேவை.

அதற்காக அஞ்சி நடுங்கவும் வேண்டா. ஒரு மார்புப் படத்தின் கதிர், இயற்கையிலிருந்து நாம் சில நாட்களில் பெறும் அளவே. சி.டி. ஸ்கேனோ அதைப்போல் நூறு மடங்குக்கும் மேற்படலாம். 2010-இல் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட் கதிர்வீச்சு ஒருவர் உயிரைக் குடித்தது. அது ஓயாது கதிர் உமிழும் பொருள். எக்ஸ்ரே அத்தகையதன்று, விசையை நிறுத்தியதும் கதிர் நின்றுவிடும், உடலில் தங்காது.

எலும்பு முறிவு, நிமோனியா முதலியவற்றை ஐயுற்று மருத்துவர் கேட்கும் படத்தை மறுப்பது பேதைமை. தேவையற்ற மறுபடத்தைத் தவிர்ப்பதே நம் கடமை. அதற்கு வழிகள் வருமாறு:

படங்களையும் அறிக்கைகளையும் தேதியிட்டு ஒரே உறையில் வைத்திருங்கள். கைப்பேசியிலும் நகல் இருக்கட்டும். பார்சல் ரசீதைத் தொலைத்தவர் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்துச் சரக்கை மீட்பதை அலுவலகத்தில் காண்கிறேன். குழந்தை வீணே பெற்ற கதிருக்கு அத்தகைய பரிகாரம் கிடையாது.

“இப்படத்தால் சிகிச்சை மாறுமா? அல்ட்ராசவுண்ட் போதாதா?” என்று மருத்துவரைப் பணிவுடன் வினவுங்கள்.

குழந்தை அசைந்தால் படம் மங்கும். மறுமுறை எடுக்க நேரும். அசையாதிருக்க வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். பிடித்துக்கொள்ள வேண்டின், ஈய அங்கி அணிந்து தந்தை பிடிக்கலாம். கருவுற்ற தாய் கூடவே கூடாது.

எக்ஸ்ரே நிலையம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற்றதா, குழந்தையின் உடலுக்கேற்பக் கதிரின் அளவைக் குறைக்கின்றனரா என்றும் கேளுங்கள். கேட்பது பெற்றோரின் உரிமை.

அடுத்த முறை ஊருக்குப் புறப்படும்போது, துணிமணிகளுக்கு முன்னர் அந்த உறையைப் பெட்டியில் வையுங்கள்.