ஒன்றரை ஷிப்ட்டும் ஒன்றரை வயதும்

திருப்பூரில் சனிக்கிழமைச் சம்பளம் ஷிப்ட் கணக்கில்தான். காலை 8.30-க்கு பனியன் கம்பெனிக்குள் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு 8.30 ஆகிவிடும். செக்கிங்கில் நாளெல்லாம் நின்றுவிட்டு லைன் வீட்டுக்குத் திரும்பும் தாயின் தலைமுடியில் நூல் பிசிறு ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டில் விட்டுப்போன ஒன்றரை வயதுப் பிள்ளை சில நாள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "என்ன சாமி, அம்மா மேல கோவமா?" என்று காம்பவுண்டே சிரிக்கும்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. எட்டு மாத வாக்கில் குழந்தை வேற்றுமுகம் கண்டு அழத் தொடங்குகிறது. அதிலிருந்து ஒன்றரை வயதுவரை பிரிவைப் பற்றிய பயம் மிகுந்திருக்கும். போன ஆள் திரும்பி வருவார், அழுதால் தெரிந்த கை தூக்கும் என்ற நம்பிக்கை ஊன்றுகிற காலம் அது. பிற்பாடு ஆத்திரத்தை அடக்குவதும் கூட்டாளியோடு விட்டுக்கொடுத்து விளையாடுவதும் இதன்மேல்தான் எழும்புகின்றன.

உடனே 'தாய் வீட்டிலிருக்க வேண்டும்' என்று கிளம்புவோர் உண்டு. அவர்கள் வீட்டு வாடகையைக் கட்டப் போவதில்லை. உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் 1950-களில் உகாண்டா கிராமங்களில் வீடு வீடாகப் பார்த்தபோது, பிள்ளைகள் தாயோடு மட்டுமின்றி வீட்டிலுள்ள மற்றவர்களோடும் ஒட்டிக்கொள்வதைக் கண்டார். தேனிப் பக்கம் பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு ஓர் ஆள் இருக்கிறது. ஒடிசாவிலிருந்து இங்கே வந்த குடும்பத்துக்குப் பாட்டி எங்கே? இன்று பக்கத்து வீடு, நாளை ஏழு வயது அக்கா என்று ஆள் மாறிக்கொண்டே இருப்பதுதான் பிள்ளையைக் கலைக்கிறது.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்டோருக்குக் காப்பகம் வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 2017-இன் மகப்பேறுச் சட்டத் திருத்தம், ஆண், பெண் சேர்த்து 50 பேர் இருந்தாலே காப்பகம், தாய் தினம் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. ஆனால் திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரையின்கீழ் உருவாவதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் இன்னோரிடம். தையலும் சந்துக்குள் பத்துப் பதினைந்து மெஷின் போட்ட ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போகும். அங்கே சட்டத்தின் தலைக்கணக்கு எட்டாது. பெரிய கம்பெனியில் காப்பகம் இருந்தாலும், விடியற்காலையில் கைக்குழந்தையோடு கம்பெனி வேனில் ஏற எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்?

ஆகவே காப்பகம் லைன் வீடுகள் இருக்கும் தெருவுக்கு வர வேண்டும். மத்திய அரசின் 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியோடு காப்பகம் நடத்த வழியிருக்கிறது. ஆனால் அதன் நேரம் நாளுக்கு ஏழரை மணி. ஒன்றரை ஷிப்ட்டோ 12 மணி நேரம். இரவுவரை காப்பகத்தைத் திறந்துவையுங்கள் என்று கேட்க எனக்கே உறுத்துகிறது. ஒரு ஷிப்ட் கூலியில் குடும்பம் நடக்குமானால் அந்தக் கேள்வியே எழாது. அதுவரை, கூடுதல் மணி நேரங்களின் செலவை ஏற்றுமதியாளர்களும் அவர்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளும் ஏற்கட்டும். காப்பகத்தில் பிள்ளை பார்க்கும் பெண்ணுக்கு ஒரு டெய்லரின் கூலியாவது கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதமே அவரும் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்.