மனப்பாடம் கணிதமல்ல
10ஆம் நூற்றாண்டிலேயே பக்தாதில் அபுல் வஃபா சைன் கூட்டல் சூத்திரத்தை வரைபடத்தால் நிறுவினார் என்று மேடையில் பெருமை பேசுகிறோம். வகுப்பிலோ, "பாடமாக்கு" என்கிறோம்.

ஒரு கடதாசி போதும். சமபக்கங்கள் 1 அலகும் இடைக்கோணம் 2 தீற்றாவும் உள்ள இருசமபக்க முக்கோணியை வெட்டுவோம். ஒரு சமபக்கத்தை அடியாக்கினால் உயரம் சைன் 2 தீற்றா. பரப்பளவு அதில் பாதி. இப்போது நடுவே மடிப்போம். உயரம் கொஸ் தீற்றா, அடியின் பாதி சைன் தீற்றா. முழுப் பரப்பளவு இவற்றின் பெருக்கம். கடதாசி ஒன்றே, பரப்பளவும் ஒன்றே. ஆகவே சைன் 2 தீற்றா = 2 சைன் தீற்றா கொஸ் தீற்றா.

"சிலபஸ் முடியவில்லை" என்பது எங்கள் சாக்கு. பெற்றோரே, "எத்தனை புள்ளி?" என்பதற்கு முன் "ஏன் அப்படி?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் குற்றம் பிள்ளையிலல்ல, ஆசிரியர்களாகிய எங்களில்.