வாடகை வீட்டில் மீன் வாசம்

டில்லியில் வாடகை வீடு தேடிப் போகும் தமிழரிடம், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே சில வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வி, "மீன், கறி சமைப்பீர்களா?" என்பதுதான். இல்லை என்று பொய் சொல்லிச் சாவி வாங்குகிறவர்கள் உண்டு. வாங்கிய பிறகு, ஜன்னல் கதவுகளை எல்லாம் அடைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை திருடனைப் போல் மீன் பொரிக்கிறவர்களும் உண்டு. புகையும் வாடையும் அறைக்குள்ளேயே சுற்றி, திரைச்சீலையிலும் போர்வையிலும் ஏறி, திங்கட்கிழமை ஆபீசுக்குப் போடும் சட்டையோடு கூடவே போகிறது. இதற்கு அஞ்சியே பல குடும்பங்கள் டில்லிக்கு வந்தபின் மீனை அறவே மறந்துவிட்டன.

மறக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை. எண்ணெய்ச் சட்டியை ஒதுக்கிவிட்டு, மின்சார ஓவனில் மீனைச் சுடப் பழகினால் பாதித் தொல்லை தீரும். மீதிப் பாதி, வாய் திறந்து பேசினால் தீரும்.

சுட்ட மீன் தமிழனுக்குப் புதிதல்ல

ஓவன் என்றதும் மேல்நாட்டுச் சமையல் என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். எயிற்பட்டினத்துப் பரதவர் வீடுகளில் பாணர்களுக்குச் சுட்ட குழல்மீன் விருந்தாகக் கிடைக்கும் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. தணலில் சுடுவது பொரிப்பதைவிடப் பழைய முறை. எண்ணெய் மலிந்த பிறகு வந்த பழக்கம்தான் வறுவல்.

டில்லியும் அனல் அடுப்புக்குப் பேர்போன ஊர். 1947 பிரிவினைக்குப் பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகள் தந்தூர் அடுப்பையும் கூடவே கொண்டுவந்தார்கள். தந்தூரி மீனில் அவர்கள் ஓமம் சேர்ப்பது வாசத்துக்கும் செரிமானத்துக்கும் உதவுகிறது. நம்முடைய புளியும் பூண்டும் அவர்களுடைய ஓமமும் ஒரே தட்டில் சேர்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

வாடை எங்கிருந்து வருகிறது?

மீன் வாடைக்கு முக்கிய காரணம், மீன் செத்தபின் அதன் சதையில் உண்டாகும் டிரைமெத்திலமின் என்ற பொருள். அது காரத்தன்மை உடையது. புளி, எலுமிச்சை போன்ற அமிலம் பட்டால் அது காற்றில் பறக்காமல் கட்டுப்படுகிறது. நம் பாட்டிமார் மீனைப் புளித்தண்ணீரில் அலசியதற்கு விஞ்ஞானக் காரணம் இதுதான். பொரிக்கும்போது கொதிக்கும் எண்ணெயிலிருந்து எழும் புகையும் சிறு துளிகளும் வாடையைச் சுமந்துகொண்டு வீடெங்கும் போகின்றன. மூடிய ஓவனில் எண்ணெய் தெறிப்பதில்லை; புகையும் குறைவு. வாசம் அடியோடு இராது என்று சொல்ல முடியாது. ஆனால் மாடிப்படி வரை போகாது.

எந்த மீன், எங்கே?

ஐ.என்.ஏ. மார்க்கெட்டும் சித்தரஞ்சன் பூங்காவின் மீன் கடைகளும் தமிழர் பலருக்குத் தெரிந்த இடங்கள். மொத்த வியாபாரம் காஜிப்பூரில். இந்திப் பெயர் தெரியாமல் விழிக்க வேண்டாம். சுர்மயி என்றால் வஞ்சிரம். பாம்ஃப்ரெட் வாவல். பாங்டா என்பது நம் காணாங்கெளுத்தி. வங்காளிகளின் பெட்கி நம் கொடுவா. சோல் என்று கூவினால் அது விரால் இனம்.

எல்லாருக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கத்தில் இல்லை. ஜங்புராவின் மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டபின், மாற்று வீடு கிடைத்தவர்கள் ஊரின் வடமேற்கு ஓரத்து நரேலாவுக்குப் போக நேர்ந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு அருகிலுள்ள கடையில் கிடைக்கும் ரோகுவும் கட்லாவும் போதும். முள் பயம் உள்ள வீடுகளில் சிங்காரா நல்லது, சிறுமுள் குறைவு.

பருவமும் பார்க்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த மாதங்களில் டில்லியின் வெயிலும் கொளுத்தும். அப்போது குளத்து மீனே விலைக்கும் உடம்புக்கும் ஏற்றது. 2018-ல் கேரளத்தில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்ட செய்தியை மறக்கலாகாது. செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை மீள்கிறதா, மருந்து நெடி அடிக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வீடு வரும் வரை ஐஸ் உடனிருக்க வேண்டும்.

அரை மணியில் இரவுச் சாப்பாடு

நாலு பேருக்கு முக்கால் கிலோ மீன் போதும். இரண்டு விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, மஞ்சள்தூள், உப்பு, மிளகாய்த்தூள், நசுக்கிய பூண்டு, ஒரு கரண்டி கெட்டிப் புளிக்கரைசல், அரைத் தேக்கரண்டி ஓமம், இரண்டு கரண்டி நல்லெண்ணெய் சேர்த்துப் பிசறி இருபது நிமிஷம் வைக்க வேண்டும். அதற்குள் ஓவனை 200 டிகிரியில் பத்து நிமிஷம் காய வைக்கலாம். தட்டில் வாழையிலைத் துண்டு பரப்பி, மேலே வட்டமாக நறுக்கிய வெங்காயமும் தக்காளியும், அதன்மேல் மீன். பதினைந்து நிமிஷத்தில் வெந்துவிடும். சதை வெள்ளையாகி, முள்கரண்டியால் தொட்டால் ஏடு ஏடாகப் பிரிய வேண்டும். அதற்குமேல் விட்டால் சக்கை. இறாலுக்கு எட்டு நிமிஷம் தாராளம். புளி சேர்த்த மீனை அலுமினியத் தாளில் நேரடியாகச் சுற்றுவது நல்லதல்ல. அமிலம் அலுமினியத்தை அரிக்கும். பக்கத்து அடுப்பில் சோறும் மிளகு ரசமும் வெந்தால், ஆபீஸ் விட்டு வந்த களைப்பிலும் நல்ல சாப்பாடு தயார்.

செலவை நினைத்து மலைப்பவர்கள் கணக்குப் பார்க்கட்டும். 1,200 வாட் ஓவன் அரை மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் 0.6 யூனிட்தான். ஒரு முறை பொரிக்கச் செலவாகும் எண்ணெயின் விலையோடு இதை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். ஆனால் ஓவனை விளக்குக்கான சிறிய பிளக்கில் செருகக் கூடாது. 15 ஆம்பியர் பிளக் வேண்டும். பழைய வீடுகளின் ஒயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் ஒரு முறை காட்டிவிடுவது உத்தமம்.

ஓவன் வாங்க வசதி இல்லாதவர்கள், அடி கனமான இரும்புச் சட்டியை மூடிபோட்டுக் கேஸ் அடுப்பின் சிறு தீயில் வைத்து, வாழையிலையில் பொதிந்த மீனை வேக வைக்கலாம். ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. குளிர்காலத்தில் கதவை அடைத்துக்கொண்டு, கரி போட்ட அங்கீட்டியில் மீன் சுட்டு, அதையே கணப்பாக வைத்துக்கொண்டு தூங்குவது உயிருக்கே ஆபத்து. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடையே கிடையாது. குளிர்காலந்தோறும் வடநாட்டில் அங்கீட்டியால் மூச்சடைத்து இறந்தவர்கள் செய்தி பத்திரிகைகளில் வருகிறது. அவர்களில் பலர் ஒண்டு அறையில் வாழ்ந்த தொழிலாளிகள்.

பேசித் தீர்க்க வேண்டியது

இவ்வளவு செய்த பிறகும் வீட்டுக்காரர் ஆட்சேபித்தால்? சைவ உணவுக்காரர் தம் வீட்டில் மீன் கூடாது என்று கருதுவதில் துவேஷம்தான் இருக்கிறது என்று முடிவு கட்டுவது நியாயமல்ல. தமிழ்நாட்டிலும் அப்படிச் சொல்லும் வீட்டுக்காரர்கள் இல்லையா? ஆனால் நிபந்தனையை அட்வான்ஸ் வாங்கும் முன் சொல்லவேண்டியது அவர் கடமை. மீன் உண்போம் என்று முன்கூட்டியே சொல்லவேண்டியது குடியேறுபவர் கடமை. பொய்யில் தொடங்கிய குடித்தனம் நிம்மதி தராது. கிடைக்கும் வீடு சற்றுத் தூரமானாலும் உண்மை சொல்லிப் பெற்ற வீடே மேல். செதிலையும் செவுளையும் அன்றிரவே காகிதத்தில் சுற்றிக் குப்பையில் சேர்ப்பதும், தட்டை உடனே கழுவுவதும் அக்கம்பக்கத்தாருக்குக் காட்டும் மரியாதை.

வங்காளிகளைப் பார்க்கலாம். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்காக அமைந்த சித்தரஞ்சன் பூங்காவில் மீன் கடை அவர்கள் வாழ்க்கையின் நடுவே இருக்கிறது. 2025 ஏப்ரலில் அங்கே கோவிலை ஒட்டிய மீன் கடைகளைப் பற்றிச் சர்ச்சை எழுந்தபோது அவர்கள் கூனிக் குறுகவில்லை. இது எங்கள் உணவு, எங்கள் வழக்கம் என்று வெளிப்படையாகப் பேசினார்கள். சைவமாக இருப்பது ஒருவர் விருப்பம். மீன் உண்பது இன்னொருவர் வழக்கம். இரண்டும் ஒரே தெருவில் இருக்க முடியும்.

டில்லித் தமிழர் வீட்டுக் குழந்தைகள் மீனை "ஊருக்குப் போனால் கிடைப்பது" என்று எண்ணி வளர்கிறார்கள். அதைவிட வருத்தம், அது ஒளித்து உண்ணவேண்டிய பண்டம் என்று அவர்கள் எண்ணுவது. ஜன்னலை அடைத்துவிட்டுச் சாப்பிடும் தகப்பனைப் பார்த்து வளரும் பிள்ளை, வெட்கப்படக் கற்றுக்கொள்ளும். வரும் ஞாயிறன்று ஜன்னலைத் திறந்து வைத்தே மீன் சுடலாம்.