பட்ஜெட்டில் காணாமல் போன எண்ணெய்க் கிணறுகள்

ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 1 வந்தால் ஓமனில் இருக்கும் நம்மவர்கள் ஒரு எண்ணைத்தான் முதலில் தேடுவார்கள். பட்ஜெட்டில் ஒரு பேரல் கச்சா எண்ணெய்க்கு அரசு என்ன விலை போட்டிருக்கிறது? 2020-க்கு 58 டாலர். கொரோனா அடித்த அடியில் 2021-க்கு 45. பிறகு 50, 55 என்று ஏறி, 2024-க்கும் 2025-க்கும் 60. ரூவியில் மளிகைக் கடை நடத்துபவருக்கும், மர்முல் பக்கம் பாலைவனக் கேம்பில் வெல்டிங் செய்பவருக்கும், என்னைப் போல ஏசி அறையில் சர்வர் பார்ப்பவருக்கும் இது பொது எண். விலை ஏறினால் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படும், இறங்கினால் ஹெச்ஆரிடமிருந்து மெயில் வரும் என்ற அளவுக்கு எல்லோரும் இதைப் பழகி வைத்திருக்கிறோம்.

அந்த எண்ணின் கனத்தை ஒரு சின்னக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஓமனின் உற்பத்தி நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் பேரல். வருஷத்துக்கு 36 கோடிப் பேரலுக்கு மேல். விலை ஒரு டாலர் இறங்கினால், ஒரு ரியால் ஏறத்தாழ 2.6 டாலர் என்ற நிலையான மாற்று விலையில், நாட்டின் எண்ணெய் வருமானத்தில் சுமார் 14 கோடி ரியால் போய்விடும். பத்து டாலர் இறங்கினால் 140 கோடி. இதில் உள்நாட்டுச் செலவு, கம்பெனிகளின் பங்கு எல்லாம் கழித்து பாதிதான் அரசுக்குச் சேரும் என்று வைத்துக்கொண்டால்கூட 70 கோடி ரியால். 2025 பட்ஜெட்டில் வருமானம் 1,118 கோடி, செலவு 1,180 கோடி, பற்றாக்குறை 62 கோடி என்று போட்டிருந்தார்கள். அதாவது பத்து டாலர் இறங்கினால் போதும், பற்றாக்குறை இரட்டிப்பாகிவிடும். வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வரும் நாட்டில் இது ஆச்சரியமே இல்லை.

ஆனால் எல்லோரும் இந்த ஒரு எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, இன்னொரு எண் பட்ஜெட்டிலிருந்தே சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டது. எண்ணெயைத் தேடுவதற்கும் தோண்டுவதற்கும் ஆகும் செலவு.

முன்பெல்லாம் அது அங்கேயே இருந்தது. நாட்டின் பெரும்பகுதி எண்ணெயை எடுக்கும் பி.டி.ஓ. நிறுவனம் வேலை செய்யும் 6-ஆம் பிளாக்கில் அரசுக்கு 60 சதவீதப் பங்கு, ஷெல்லுக்கு 34, டோட்டலுக்கு 4, மீதி 2 பார்ட்டெக்ஸுக்கு. வரும் எண்ணெயில் 60 சதவீதம் உனக்கு என்றால், செலவிலும் 60 சதவீதம் உன்னுடையது. புதிய கிணறு, பைப்லைன், நீராவி ஆலை என்று எதற்குப் பணம் வேண்டுமானாலும் அரசின் பங்கு நேரே பட்ஜெட்டிலிருந்து போனது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ராணுவம் இருக்கும் அதே பட்டியலில் எண்ணெய் உற்பத்திச் செலவும் ஒரு வரியாக நின்றது.

2020 டிசம்பரில் அரசாணை 128/2020 மூலம் எனர்ஜி டெவலப்மென்ட் ஓமன், சுருக்கமாக இ.டி.ஓ., என்ற கம்பெனி உருவானது. 6-ஆம் பிளாக்கில் அரசுக்கு இருந்த பங்கு அதன் கைக்குப் போனது. இனி கிணற்றுக்கான செலவை அதுவே பார்த்துக்கொள்ளும், தேவைப்பட்டால் தன் பெயரிலேயே கடன் வாங்கும், மிச்சத்தை ராயல்டி, வரி, டிவிடெண்ட் என்று அரசுக்குக் கட்டும். மறு வருஷமே அது 250 கோடி டாலர் வங்கிக் கடன் வாங்கியது. 2023-இல் 100 கோடி டாலருக்கு சுகுக் பத்திரம் வெளியிட்டது. எரிவாயுவுக்கும் இதே வழிதான். 2023 முதல் ஒருங்கிணைந்த எரிவாயு நிறுவனம் வாயுவை வாங்கும் செலவு, கொண்டுபோகும் செலவு இரண்டையும் கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் கருவூலத்துக்கு அனுப்புகிறது. 2024 அக்டோபரில் அரசின் மற்றொரு எண்ணெய் நிறுவனமான ஓ.க்யூ.இ.பி.யின் 25 சதவீதப் பங்கைப் பங்குச்சந்தையில் விற்று ஏறத்தாழ 200 கோடி டாலர் திரட்டினார்கள்.

இதென்ன பெரிய விஷயம், ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு பாக்கெட்டுக்குத்தானே என்று கேட்கலாம். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வித்தை நன்றாகவே தெரியும். ஒரு புராஜெக்ட்டின் செலவு அதிகமாகிவிட்டால் சர்வர் செலவை வேறொரு காஸ்ட் சென்டருக்கு மாற்றிவிடுவார்கள். அடுத்த மாத ரிப்போர்ட்டில் புராஜெக்ட் ஜம்மென்று லாபத்தில் ஓடும். சர்வர் அதேதான், கரன்ட் பில்லும் அதேதான்.

இருந்தாலும் இதை வெறும் கணக்கு ஜாலம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இந்த மாற்றத்துக்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஓமன் எண்ணெயின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1956-இல் ஃபஹூத் என்ற இடத்தில் முதல் கிணறு தோண்டத் தொடங்கினார்கள். பாதையே இல்லாத பாலைவனத்தில் சாமான் கொண்டுபோவதே ஒரு யுத்தம். பல ஆயிரம் அடி ஆழம் போன பிறகும் ஒன்றும் கிடைக்காமல் 1957-இல் மூடினார்கள். அடுத்தடுத்த கிணறுகளும் ஏமாற்றின. 1960-இல் பங்குதாரர்களில் பெரும்பாலோர், இன்றைய பி.பி. உட்பட, போதுமடா சாமி என்று விலகினார்கள். ஷெல்லும் பார்ட்டெக்ஸும் மட்டும் நின்றார்கள். 1962-இல் யிபாலில் எண்ணெய் வந்தது, 1963-இல் நதீஹில் வந்தது. 1964-இல் ஃபஹூதிலேயே பெரிய வயல் சிக்கியது. முதலில் தோண்டி மூடிய கிணற்றுக்கும் அந்த வயலுக்கும் இடையே இருந்த தூரம் சில நூறு மீட்டர்தான்! 1967 ஜூலையில் மினா அல் ஃபஹலிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டபோது தேடல் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்தப் பத்து வருஷம் இன்றும் குறைந்தபாடில்லை. கஸ்ஸான் எரிவாயு வயலுக்கு பி.பி. 2007-இல் ஒப்பந்தம் போட்டது. வாயு வந்தது 2017 செப்டம்பரில். தேடலின் கடிகாரம் பத்து வருஷத்துக்கு ஒரு சுற்று, பட்ஜெட்டின் கடிகாரம் ஒரு வருஷத்துக்கு ஒரு சுற்று. இரண்டையும் ஒரே சுவரில் மாட்டினால் என்ன ஆகும்? விலை விழுந்த வருஷத்தில் நிதி அமைச்சகம் முதலில் கை வைப்பது பத்து வருஷம் கழித்துப் பலன் தரும் செலவில்தான். சம்பளத்தை வெட்டினால் தெருவில் ஆள் நிற்பார்கள். தோண்டாமல் விட்ட கிணற்றுக்காக யாரும் கொடி பிடிப்பதில்லை.

ஓமனுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சவுதி, குவைத் மாதிரி இங்கே எண்ணெய் சுலபமாக வருவதில்லை. வயல்கள் சிறியவை, பழையவை, சிதறிக் கிடப்பவை. ஒரு பேரல் எண்ணெயோடு பல பேரல் தண்ணீர் மேலே வருகிறது. நிம்ரில் அந்தத் தண்ணீரைச் சுத்தப்படுத்தப் பாலைவனத்தின் நடுவில் நாணல் காடே வளர்த்திருக்கிறார்கள், வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். 2000-ஐ ஒட்டி நாளுக்கு 9.6 லட்சம் பேரல் வரை போன உற்பத்தி 2007-இல் 7 லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. அதைத் திரும்ப மேலே ஏற்றியது முகைஸ்னாவிலும் கர்ன் ஆலமிலும் பூமிக்குள் செலுத்திய நீராவி, மர்முலில் செலுத்திய பாலிமர், அதற்குக் கொட்டிய பணம். இங்கே செலவை ஒரு வருஷம் நிறுத்தினால் அடுத்தடுத்த வருஷங்களில் உற்பத்தி தானாகவே வழுக்கும். ஆகவே முதலீட்டை வருடாந்திர பட்ஜெட்டின் கத்திரியிலிருந்து காப்பாற்ற நினைத்தது சரியான யோசனை என்றே சொல்வேன்.

கோளாறு அதற்குப் பிறகு வருகிறது.

2016-இல் மட்டும் சுமார் 530 கோடி ரியால் பற்றாக்குறை. 2020-இல் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 70 சதவீதத்தை நெருங்கியது. ரேட்டிங் கம்பெனிகள் ஏற்கெனவே ஓமன் பத்திரங்களைக் குப்பைத் தரத்தில் வைத்திருந்தன. அந்த நேரத்தில் ‘தவாஸுன்’ என்ற நிதித் திட்டம் வந்தது, 2021 ஏப்ரலில் 5 சதவீத வாட் வந்தது, இ.டி.ஓ.வும் வந்தது. பிறகு உக்ரைன் போரால் 2022-இல் விலை எகிறியது. வந்த கூடுதல் பணத்தை ஆடம்பரத்தில் கரைக்காமல் கடனை அடைத்தார்கள், அதற்கு முழு மார்க் கொடுக்கலாம். 2021 முடிவில் 2,080 கோடி ரியாலாக இருந்த அரசின் கடன் 2024 முடிவில் 1,440 கோடிக்கு வந்தது. 2024 செப்டம்பரில் எஸ் அண்ட் பி மறுபடி முதலீட்டுத் தரம் கொடுத்தது.

இந்த 1,440 கோடியில் இ.டி.ஓ. வாங்கிய கடன் கிடையாது. மற்ற அரசு நிறுவனங்களின் கடனும் கிடையாது. விலை நன்றாக இருக்கும் வரை யாரும் இதைக் கேட்கப் போவதில்லை. மறுபடியும் 2016 மாதிரி ஒரு வருஷம் வந்தால் இ.டி.ஓ. முதலில் தன் கடனுக்கான வட்டியையும் கிணற்றுச் செலவையும் எடுத்துக்கொள்ளும். டிவிடெண்ட் குறையும். அப்போது பட்ஜெட் படிப்பவருக்குத் தெரிவதெல்லாம் ‘எண்ணெய் வருமானம் குறைந்தது’ என்ற ஒரே வரி. அது விலையால் குறைந்ததா, உற்பத்தியாலா, பேரலுக்கு ஆகும் செலவு ஏறியதாலா, வட்டியாலா? பழைய பட்ஜெட்டில் வருமானமும் செலவும் தனித்தனியாக இருந்தன. இப்போது கழித்த பிறகு கிடைத்த விடை மட்டும் இருக்கிறது, கணக்கைக் காணோம். சுகுக் வெளியிட்டதால் இ.டி.ஓ. தன் நிதி அறிக்கைகளைக் கடன் கொடுத்தவர்களுக்காக வெளியிடத்தான் செய்கிறது. லண்டனில் இருக்கும் முதலீட்டாளர் தேடிப் படித்துக்கொள்வார். சோஹாரில் வேலை தேடும் ஓமானி இளைஞன் ஜனவரி 1 அன்று பார்ப்பது பட்ஜெட் சுருக்கத்தைத்தான்.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதை நார்வேயில் இருக்கும் நம் வாசகர்கள் அறிவார்கள். அங்கேயும் எண்ணெய் வயல்களில் அரசுக்கு 1985 முதல் நேரடிப் பங்கு இருக்கிறது, 2001 முதல் பெட்டோரோ என்ற கம்பெனி அதை நிர்வகிக்கிறது. ஆனால் அந்தப் பங்குக்கான முதலீடு, இயக்கச் செலவு, வருமானம் எல்லாம் தேசிய பட்ஜெட்டில் வரி வரியாகப் பாராளுமன்றத்தின் முன் வருகிறது. நார்வேயின் பணக்கார நிதியத்தோடு ஓமனை ஒப்பிடுவது நியாயமில்லை, அந்த வசதி இவர்களுக்கு வாய்க்கவில்லை. கணக்கைக் காட்டுவதற்குப் பணக்காரராக இருக்க வேண்டியதில்லையே.

நமக்கு எதற்கு இந்தக் கவலை என்று ஒரு அண்ணன் என்னிடம் கேட்டார். வந்தோம், சம்பாதித்தோம், ஊருக்கு அனுப்பினோம், அவ்வளவுதானே என்றார். அவருடைய வேலை ஒரு டிரில்லிங் காண்ட்ராக்டரிடம். அவருடைய சம்பளத்தை முடிவு செய்வது பட்ஜெட்டில் போட்ட 60 டாலர் இல்லை, 6-ஆம் பிளாக்கில் அடுத்த வருஷம் எத்தனை கிணறு என்ற முடிவுதான். அந்த முடிவு பட்ஜெட்டில் தெரிந்த காலம் போய்விட்டது. 2020-இல் வேலை போனவர்களுக்கு நவம்பரில் அபராதமில்லாமல் நாட்டை விட்டுப் போகும் சலுகை அறிவித்தார்களே, அப்போது பெட்டி கட்டியவர்களில் எத்தனை பேருக்கு முன்கூட்டியே ஒரு குறிப்பாவது கிடைத்தது? 2021 மே மாதம் சோஹாரில் இளைஞர்கள் வேலை கேட்டு வீதிக்கு வந்ததும் அரசு 32,000 வேலைகள் என்று அறிவித்தது. ஓமானிமயம் இறுகுவதும் தளர்வதும்கூட இந்தக் கணக்கோடு கட்டப்பட்டதுதான். அந்த இளைஞர்கள் கேட்டதில் தவறும் இல்லை, அது அவர்கள் நாடு.

இன்னொன்றும் இருக்கிறது. 2028 ஜனவரி முதல் வளைகுடாவிலேயே முதல் நாடாக ஓமன் தனிநபர் வருமான வரியைக் கொண்டுவருகிறது. அரசாணை 56/2025. வருஷத்துக்கு 42,000 ரியாலுக்கு மேல் போகும் வருமானத்துக்கு 5 சதவீதம். மாதம் 3,500 ரியால் வாங்கும் நம்மவர் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணலாம், வாட்ஸ்அப்பில் கிளம்பிய பீதிக்கு அவசியமே இல்லை. ஆனால் வரி கேட்கத் தொடங்கிய அரசு இனி கணக்குக் கேட்கப்படும் அரசாகவும் ஆகும். எண்ணெய் மட்டும் சோறு போட்ட காலத்தில் யாரும் ரசீது கேட்கவில்லை. வாட் கட்டும் கூலித்தொழிலாளிக்கும் அந்த உரிமை இப்போதே உண்டு என்பது என் கட்சி.

இ.டி.ஓ.வைக் கலைத்துவிட்டு பழைய முறைக்குப் போகச் சொல்லவில்லை. பட்ஜெட்டோடு கூடவே ஒரு இணைப்பு வைத்தால் போதும். இ.டி.ஓ., எரிவாயு நிறுவனம், ஓ.க்யூ.இ.பி. மூன்றும் அடுத்த வருஷம் தேடலுக்கு எவ்வளவு, பழைய வயல்களைப் பிழைக்க வைக்க எவ்வளவு செலவழிக்கப் போகின்றன, அவற்றின் தலையில் எவ்வளவு கடன், ஒரு பேரலுக்கு என்ன செலவு. இந்த எண்கள் எல்லாம் ஏதாவது ஒரு எக்செல் ஷீட்டில் ஏற்கெனவே இருப்பவைதான். ஒரே இடத்தில், அரபியிலும் ஆங்கிலத்திலும், இரண்டு பக்கம். ஒப்பெக் கூட்டணியோடு சேர்ந்து உற்பத்தியை மட்டுப்படுத்தும் ஒரு நாடு, இன்னும் அதிகமாகத் தோண்டப் பணம் போடுகிறது என்றால், ஏன் என்ற கேள்விக்கும் அந்த இரண்டு பக்கத்திலேயே பதில் வேண்டும்.

அது வரும்வரை, அடுத்த ஜனவரி 1 அன்று டாலர் விலையைப் பார்த்த கையோடு ‘எண்ணெய் வருமானம்’ என்ற வரியையும் பாருங்கள். விலை போன வருஷம் போட்டதேதான், உற்பத்தியும் அதேதான், வருமானம் மட்டும் குறைந்திருக்கிறது என்றால், நடுவில் யாரோ அதிகம் எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதையும் குடும்ப விசாவுக்கு மனுப் போடுவதையும் அந்த வாரம் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு, சைட்டில் இருக்கும் நண்பருக்கு போன் போட்டு எத்தனை ரிக் ஓடுகிறது என்று கேளுங்கள்.